ரப்பர் பாலும் மின்சாரமும்

நேயர்களே, கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, வலப்புறம் திரும்பிப் பாலம் ஒன்றைக் கடந்தால் நாம் சென்று சேருமிடம் கேரி தீவு. இன்று அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை செம்பனைதான். கடல் நீர் உள்ளே புகாதபடி கரைகட்டி, கால்வாய் வெட்டி, சதுப்பு நிலத்தைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். மரச் சிற்பம் செதுக்குவதில் பெயர் பெற்ற மா மெரி மக்கள் வாழும் ஊரும் அங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எட்வர்ட் வேலண்டைன் ஜான் கேரி என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளி இத்தீவில் தோட்டம் திறந்தார். தீவின் பெயர் அவரால் வந்தது. அவர் காலத்தில் அங்கே பேசப்பட்ட பயிர் செம்பனையன்று, ரப்பர். சேலம், திருச்சி, தஞ்சை, ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய், மரத்துக்கு மரம் கோடு கிழித்து, மங்கில் சொட்டிய பாலைச் சேர்த்துக் காண்டாவில் தூக்கி வந்த காலம் அது.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த விஞ்ஞானப் பாடம் ஒன்று உண்டு. ரப்பரில் மின்சாரம் பாயாது என்பதே அது. மின்கம்பி வேலை பார்ப்பவர் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். கம்பிக்கு மேலே சுற்றியிருந்ததும் ரப்பர்தான். ஆனால் 1988ஆம் ஆண்டு ஓர் இந்திய விஞ்ஞானி இதே இயற்கை ரப்பரில் மின்சாரம் பாயச் செய்து காட்டினார். அதற்கு அவர் சேர்த்த பொருள் ஏதோ அரிய இரசாயனம் அன்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் நம் முழங்கால் காயத்தில் பஞ்சால் தொட்டுத் தடவிய அந்தக் கருஞ்சிவப்பு மருந்தில் இருந்த அயோடின்தான்.

அந்தச் சோதனை எப்படி வந்தது, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை யாவை என்பதே இன்றைய பேச்சு. இதில் அடிக்கடி வரப்போகும் ஒரு சொல்லை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறோம். தனிமங்களின் அட்டவணையை விஞ்ஞானிகள் வரைந்தபோது நடுவில் இரும்பு, செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் ஒரு பெரிய கூட்டமாக நின்றன. அவற்றுக்கு இரு பக்கமும் நிற்கும் தனிமங்களை முதன்மைத் தொகுதித் தனிமங்கள் என்பார்கள். கரி, கந்தகம், நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கான், போரான், அயோடின் ஆகிய எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பெயர்கள் புதிதாகத் தோன்றலாம். பொருள்கள் புதியவை அல்ல. கந்தகத் தூளை ரப்பர் இலை நோய்க்குத் தூவினார்கள். பாஸ்பேட் உரம் மூட்டை மூட்டையாக ஸ்டோரில் கிடந்தது. செம்பனைக் குருத்து கொக்கிபோல் வளைந்து கெடாமல் இருக்கப் போடும் உரத்தில் இருப்பது போரான். தட்டார் நகை ஊதும்போது தூவும் வெண்காரத்திலும் அதுவே உண்டு. சிலிக்கானோ மணலிலேயே இருக்கிறது.

மின்சாரத்துக்கும் நம் நாட்டு மரப்பாலுக்கும் உள்ள உறவு ரப்பருக்கும் முந்தியது. மலாய் நாட்டுக் காடுகளில் தாபான் என்றொரு மரம் இருந்தது. அதன் பால் உறைந்தால் ரப்பர்போல் இழுபடாது, கெட்டியாக நிற்கும், வெந்நீரில் போட்டால் இளகி நாம் விரும்பிய வடிவத்துக்கு வரும். மலாய்க்காரர்கள் உளிக்கும் கத்திக்கும் அதில் பிடி செய்துகொண்டார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மோண்ட்கோமரி 1843இல் இதை இலண்டன் அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனார். ஐரோப்பாவில் இதற்கு வழங்கிய பெயர் கட்டாபெர்ச்சா. மலாய்ச் சொல்லாகிய கெத்தா அதில் அப்படியே இருக்கிறது. மைக்கேல் பாரடே இதைச் சோதித்து, மின்சாரத்தைத் தடுப்பதில் இது மிகச் சிறந்தது என்று 1848இல் எழுதினார். கடல் நீரிலும் கெடாத காப்பு கிடைத்துவிட்டது என்றதும் தந்திக் கம்பெனிகள் பாய்ந்து வந்தன. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடியது. 1866இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நிலையான தொடர்பு ஏற்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலுறை நம் காட்டு மரத்தின் பால்.

அந்தப் பால் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கோடு கிழித்து நாளுக்கு நாள் சேர்த்ததல்ல. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி வடித்தார்கள். ஒரு மரத்தில் கிடைப்பதோ சொற்பம். சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. ஐரோப்பாவில் இருந்தவர் ஒரு நொடியில் செய்தி அனுப்ப, இங்கே ஒரு காடு போனது. வரலாற்றுப் பாட நூல்கள் முதற் செய்தியை மட்டும் சொல்லி நிறுத்துவது நமக்கு உடன்பாடில்லை.

ரப்பர் மரம் இங்கு வந்த கதை நேயர்கள் பலரும் அறிந்ததே. விக்ஹாம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோல கங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத் தலைவர் ரிட்லி வகுத்தார். ஆனால் வெறும் ரப்பர் அதிகம் பயன்படாத பொருள். வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றியபோதுதான் அது டயராகவும் குழாயாகவும் ஆகக்கூடிய ரப்பராயிற்று. முதன்மைத் தொகுதித் தனிமம் ஒன்று ரப்பரின் குணத்தை அடியோடு மாற்றியது அதுவே முதல் தடவை. கந்தகம் என்ன செய்தது என்று குட்இயருக்கும் தெரியாது. ரப்பர் என்பது என்ன என்றே அன்று யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள இன்னும் 80 ஆண்டுகள் ஆயின. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல், ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலிகள் என்றார். அவருடைய சக அறிஞர்களே அவரை ஏளனம் செய்தார்கள். 1953இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளைத்தான் பாலிமர் என்கிறோம். ரப்பர்ச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு. கட்டாபெர்ச்சாவின் கண்ணியும் அதுவே! ஒரே கண்ணி, கோத்த விதத்தில் மட்டும் ஒரு திருப்பம் வேறுபடுகிறது. ஒன்று இழுபடுகிறது, மற்றொன்று விறைத்து நிற்கிறது. குட்இயரின் கந்தகம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கிடையே பாலம் போட்டிருந்தது.

இப்போது, ரப்பரில் ஏன் மின்சாரம் பாயவில்லை என்று பார்ப்போம். கரி அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அணுவை ஒரு கையால் பிடிக்கலாம். அது ஒற்றைப் பிணைப்பு. இரண்டு கையால் பிடித்தால் இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பில் இரண்டாவது பிடி சற்றுத் தளர்வானது. அதிலுள்ள எலெக்ட்ரான்கள் அக்கம்பக்கம் நகரத் தயாராக இருப்பவை. ரப்பர்ச் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால், அதன்பின் மூன்று ஒற்றைப் பிணைப்பு கழிந்த பிறகுதான் அடுத்த இரட்டைப் பிணைப்பு வருகிறது. தீ அணைக்க வரிசையாக நின்று வாளி கைமாற்றுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். இருவர் நெருங்கி நின்று, அடுத்த இருவர் எட்ட முடியாத தூரத்தில் நின்றால் வாளி எங்கே போகும்? மாறாக, ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிணைப்பு அமைந்தால் எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். இப்படி அமைந்த சங்கிலியை இணைவுற்ற பாலிமர் என்று சொல்வோம்.

இணைவுற்ற பாலிமர்களில் மிக எளியது அசெட்டிலீன் வாயுவைக் கோத்துச் செய்வது. பட்டறையில் இரும்பு ஒட்டுகிற அதே அசெட்டிலீன்தான். இத்தாலிய அறிஞர் நாட்டா 1958இல் இதைச் செய்தபோது கிடைத்தது ஒரு கறுப்புத் தூள். எதிலும் கரையாது, உருகாது. ஆகவே ஆராயவும் வழியில்லை. 1967இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேகி ஷிரகாவாவின் கூடத்துக்குக் கொரியாவிலிருந்து வந்திருந்த பியுன் ஹியுங் சிக் என்னும் ஆய்வாளர் அதே பொருளைச் செய்தார். வினையூக்கியின் அளவைத் தவறாகக் கொண்டு ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். தூளுக்குப் பதிலாகக் குடுவையின் உட்சுவரில் பளபளப்பான படலம் ஒன்று படிந்தது. ஷிரகாவா அதை எறிந்துவிடாமல் காரணம் தேடி, வேண்டும்போதெல்லாம் அப்படலத்தைச் செய்யக் கற்றார். குளிரில் செய்தால் செம்பு நிறம், சூட்டில் செய்தால் வெள்ளி நிறம். ரப்பருக்கும் கட்டாபெர்ச்சாவுக்கும் இடையே இருந்த அதே திருப்பம்தான் இந்த இரு நிறங்களுக்கும் இடையிலும் இருந்தது. பல நூல்கள் பியுன் அவர்களை வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகின்றன. பெயரைச் சொல்வதில் நமக்கு என்ன நட்டம்?

பார்ப்பதற்கு உலோகமாய் இருந்த அப்படலம் மின்சாரத்தில் உலோகமாய் இல்லை. அதை உலோகமாக்கும் வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. இன்றைய பேச்சின் முக்கியமான இடம் இதுவே. நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மெக்டியார்மிட், கரிச் சேர்மங்களின் வல்லுநர் அல்லர். இளமை முதல் கந்தகம், நைட்ரஜன், சிலிக்கான் ஆகியவற்றோடு பழகியவர். கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த ஒரு சங்கிலி உண்டு. அதில் கரியும் இல்லை, உலோகமும் இல்லை. ஆனால் தங்கம்போல் மின்னும்; மின்சாரத்தையும் உலோகம்போல் கடத்தும். 1910இலேயே செய்யப்பட்ட இப்பொருளின் மின்குணம் 1970களில்தான் கவனத்துக்கு வந்தது. 1975இல், மிகமிகத் தாழ்ந்த குளிர்நிலையில் மின்தடையே இல்லாமல் இது கடத்துகிறது என்றும் கண்டார்கள். மெக்டியார்மிட் இயற்பியலாளர் ஆலன் ஹீகருடன் சேர்ந்து இந்தத் தங்கப் பாலிமரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1975இல் அவர் ஜப்பான் சென்று உரையாற்றியபோது தம் தங்கப் படலத்தைக் காட்டினார். பிறகு தேநீர் வேளையில் ஷிரகாவா தம் வெள்ளிப் படலத்தைக் காட்டினார். தங்கமும் வெள்ளியும் சந்தித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு ஷிரகாவா பென்சில்வேனியாவுக்குச் சென்றார். 1976 நவம்பர் 23 அன்று, ஹீகரின் ஆய்வுத்துணைவர் சியாங்குடன் அமர்ந்து, வெள்ளிப் படலத்தின் மீது சிறிது புரோமின் ஆவியை விட்டார். சில நிமிடங்களில் மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. பின்பு அயோடினிலும் அப்படியே நிகழ்ந்தது.

புரோமினும் அயோடினும் செய்தது என்ன? காலை வேளையில் கிள்ளான் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் பஸ்ஸைப் பாருங்கள். இருக்கை எல்லாம் நிறைந்து, நடைவழியும் நிறைந்திருந்தால் யாராலும் நகர முடியாது. ஒருவர் இறங்கிவிட்டால் அந்த இடத்துக்கு ஒருவர் நகர்வார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் நகர்வார். அயோடின் எலெக்ட்ரானைப் பிடுங்கும் குணமுடையது. சங்கிலியிலிருந்து அது ஒன்றிரண்டை இறக்கிவிட்டதும், மீதியுள்ளவை நகரத் தொடங்குகின்றன. அந்த நகர்ச்சியே மின்சாரம். 1977இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் ஐவர் பெயர் இருந்தது. 2000ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா ஆகிய மூவருக்குக் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர்வதில்லை என்பது அவர்கள் விதி. 1963இலேயே ஆஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸும் அவர் துணைவர்களும் வேறொரு பாலிமரில் அயோடினைச் சேர்த்து மின்சாரம் பாய்வதைக் கண்டு எழுதியிருந்தார்கள். அதை அன்று கவனித்தவர் சிலரே.

பென்சில்வேனியாவில் இது நடந்த அதே ஆண்டுகளில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது? 1972இல் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. விடியுமுன் தோட்டத்து வாசலில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். தாய் உளியோடு நிரைக்குப் போவாள், மகள் பஸ் ஏறிப் போவாள். தாய் கையில் கரிச் சங்கிலியாகிய ரப்பர். மகள் பூதக்கண்ணாடிக் கருவியின்கீழ், சிலிக்கான் சில்லில் மயிரிழை போன்ற தங்கக் கம்பியை ஒட்டுவாள். அந்தச் சிலிக்கானிலும் சிறிதளவு போரானோ பாஸ்பரஸோ கலந்திருக்கும். அது இல்லையேல் சில்லு வேலை செய்யாது. ஒரே லயத்து வீட்டில் இரு பொருள்களும் சந்தித்தன. ஆனால் எந்தப் பொருளைத் தொட்டு வேலை செய்கிறோம் என்பதைத் தாய்க்கும் யாரும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. எத்தனை சொட்டு, எத்தனை சில்லு என்ற கணக்கு மட்டும் இருவரிடமும் கேட்கப்பட்டது. நாம் இந்த வானொலிப் பேச்சை எழுத உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி 1988க்கு வருவோம். அமெரிக்காவில் பணியாற்றிவந்த மிருணாள் தாக்கூர், இணைவு இல்லாத இயற்கை ரப்பரை எடுத்து அயோடின் ஏற்றினார். வெளிர்நிற ரப்பர் கறுத்தது. மின்கடத்துதிறன் பல கோடி மடங்கு ஏறியது. செம்புக்குப் பக்கத்தில் வைக்கத் தக்க அளவு அல்ல என்றாலும், மின்காப்புக்குப் பெயர்போன பொருள் மின்சாரத்தைக் கடத்திவிட்டது. மின்சாரம் பாய ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்பு அமைந்தே தீரவேண்டும் என்பது தவறு, தனித்தனியே நிற்கும் இரட்டைப் பிணைப்பும் போதும் என்பது தாக்கூரின் கட்சி. 2000இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும், அதில் சொல்லப்பட்ட அடிப்படை விதியே சரியன்று என்று அவர் வெளிப்படையாக மறுத்தார்.

மறுபக்கத்து வாதமும் உண்டு. லிமிங் டாய், ஜான் வைட் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் இதே ரப்பரையும் அயோடினையும் ஆராய்ந்தார்கள். அயோடின் ரப்பரோடு வேதிவினை புரிகிறது. சேர்ந்து, பின் ஹைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு பிரிகிறது. அப்படிப் பிரிந்த இடங்களில் புதிய இரட்டைப் பிணைப்புகள் தோன்றிச் சிறுசிறு இணைவுத் தொடர்கள் உண்டாகின்றன என்றார்கள். அதாவது, தூரத்தில் நின்றவர்களுக்கு நடுவே அயோடினே ஆள் நிறுத்திக் கொடுக்கிறது. நாம் இந்த இரண்டாவது விளக்கத்தின் பக்கமே சாய்கிறோம். பெரும்பான்மை வேதியியலாளரும் இணைவின் அவசியத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என்றாலும் தாக்கூரின் சோதனை நின்றுவிட்டது. ரப்பர் கறுத்ததும் கடத்தியதும் உண்மை.

மெக்டியார்மிட்டின் தங்கப் பாலிமரும் ஷிரகாவாவின் வெள்ளிப் படலமும் சந்தையை எட்டவில்லை. வெள்ளிப் படலம் காற்றுப்பட்டால் கெட்டுவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். அதனால், கரிச் சங்கிலிக்கு நடுவே பிற முதன்மைத் தொகுதித் தனிமங்களைக் கோத்துக் கலப்புச் சங்கிலி செய்யும் வேலையில் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் இறங்கின. முதலில் வென்றது கந்தகமே. நான்கு கரியும் ஒரு கந்தகமும் சேர்ந்த தையோபீன் என்னும் வளையத்தைக் கோத்த பாலிமர்கள் காற்றிலும் நிலைத்தன. அவ்வகையில் ஒன்றை 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பாயர் கம்பெனி உருவாக்கியது. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் பொறிவிட்டுப் படத்தைக் கெடுக்காமல் இருக்க அதை மேலே பூசினார்கள். பின்னர் ஒளிரும் திரைகளுக்கும் சூரிய மின்கலங்களுக்கும் அதே பூச்சு போயிற்று. 1990இல் கேம்பிரிட்ஜில் மின்சாரம் பாய்ந்தால் ஒளிவிடும் பாலிமரைக் கண்டது இந்தத் துறைக்குப் புது வேகம் கொடுத்தது.

சிலிக்கான் சங்கிலியின் கதை நீண்டது, சுருக்கிச் சொல்கிறோம். இங்கிலாந்தில் கிப்பிங் 1920களிலேயே அதைத் தொட்டார். அறுபது ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் ராபர்ட் வெஸ்ட் போன்றோர் கரையக்கூடிய சிலிக்கான் பாலிமர்களைச் செய்தபோது ஓர் ஆச்சரியம் தெரிந்தது. சிலிக்கானில் ஒற்றைப் பிணைப்பின் எலெக்ட்ரான்களே சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன. இரட்டைப் பிணைப்பு தேவைப்படவில்லை. கந்தகத்தின் இடத்தில் அதன் தம்பிமாராகிய செலீனியத்தையும் டெலூரியத்தையும் வைத்துப் பார்த்தால் பாலிமர் விழுங்கும் ஒளியின் நிறம் சிவப்புப் பக்கமாக நகர்கிறது. கனடாவின் டொராண்டோவில் டுவைட் செபெரோஸ் குழுவினர் இதைச் செய்துவருகிறார்கள். பாஸ்பரஸைக் கரியோடு இரட்டைப் பிணைப்பில் கோத்த சங்கிலியை டெரெக் கேட்ஸ் 2002இல் கனடாவிலேயே செய்து காட்டினார். பாஸ்பரஸ் பிடிவாதக்காரத் தனிமம். இரட்டைப் பிணைப்பில் நிற்க அதற்கு விருப்பமில்லை. சுற்றிலும் பருத்த மூலக்கூற்றுக் கிளைகளைக் காவலுக்கு நிறுத்தித்தான் அதை நிற்கவைக்க முடிகிறது.

போரானைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கரிக்கு நான்கு கை என்றோம், போரானுக்கு மூன்றே. மூன்றையும் பிடித்தபின் அதனிடம் ஓர் அறை காலியாக இருக்கிறது. லயத்தில் ஒரு வீடு காலியாக இருந்தால் அக்கம்பக்கத்தார் கண் அதன்மேல்தான். அதுபோல் சங்கிலியிலுள்ள எலெக்ட்ரான்கள் அந்தக் காலி அறைப்பக்கம் பரவுகின்றன. சாதாரண இணைவுற்ற பாலிமர்களில் பெரும்பாலானவை எலெக்ட்ரானைக் கொடுக்கும் குணமுடையவை. வாங்கும் குணமுடையவை குறைவு. சில்லு செய்வதானாலும் சூரிய மின்கலம் செய்வதானாலும் கொடுப்பவரும் வேண்டும், வாங்குபவரும் வேண்டும். போரான் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஜப்பானின் கியோத்தோவில் யோஷிகி சுஜோ குழுவினர் 1990களில் போரானைச் சங்கிலியின் உள்ளேயே கோத்த இணைவுற்ற பாலிமர்களைச் செய்தார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரீடர் யேக்லே தையோபீனையும் போரானையும் ஒரே சங்கிலியில் இணைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பக்கிரிசாமி திலகர் குழுவினர் போரான் கொண்ட ஒளிரும் மூலக்கூறுகளை ஆராய்ந்துவருகிறார்கள்.

அந்தக் காலி அறைக்கு இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. புளோரைடு என்னும் சிறு அயனி வந்து போரானோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அறை நிறைந்துவிடுகிறது. எலெக்ட்ரான்களின் பரவல் அறுபடுகிறது. பாலிமரின் நிறமோ ஒளியோ மாறுகிறது. ஒரு போரானில் புளோரைடு ஒட்டினாலும் அதன் பாதிப்பு சங்கிலி நெடுகத் தெரிவதால் மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுக்கும். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சேலம் பக்கத்தையும் அதை ஒட்டிய தருமபுரியையும் அறிந்தவர்களுக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியாகத் தோன்றாது. அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். நாட்பட்டால் எலும்பும் முதுகும் வளையும். ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே போடப்பட்டு 2013இல் தொடங்கியது. போரான் பாலிமரால் புளோரைடைக் கண்டறியும் சோதனைகள் பெரும்பாலும் கரிமக் கரைப்பான்களில்தான் நன்றாக நடக்கின்றன. தண்ணீரில் புளோரைடு நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொள்வதால் போரானிடம் எளிதில் வருவதில்லை. கிணற்றடியில் நின்று சோதிக்கும் நிலைக்கு இன்னும் வேலை இருக்கிறது. போரானுக்கும் காவல் வேண்டும். இல்லையேல் ஈரமும் பிராணவாயுவும் அந்தக் காலி அறையில் முதலில் குடியேறிவிடும்.

மலேசியாவில் இயற்கை ரப்பர் மின்துறைப் பக்கம் வேறு வழியாக வந்திருக்கிறது. ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஏறத்தாழ பாதியில் பிராணவாயுவை ஏற்றிச் செய்யும் ரப்பர் ஒன்றுண்டு; 1980களில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் இருந்த தங்கள் கூடத்தில் அதை வளர்த்தெடுத்தார்கள். அந்தப் பிராணவாயு அணுக்கள் லித்தியம் அயனியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லக்கூடியவை. ஆகவே மலாயாப் பல்கலைக்கழகமும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் அதை மின்கலங்களின் உள்ளே திரவத்துக்குப் பதிலாக வைக்கும் படலமாக ஆராய்ந்திருக்கின்றன. இங்கே ஓடுவது எலெக்ட்ரான் அன்று, அயனி. தாக்கூரின் கறுத்த ரப்பரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த ஆய்வுகளுக்கு வேண்டிய பால் இன்று பெருந்தோட்டங்களிலிருந்து வருவது குறைவு. இந்நாட்டு ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்கள் வெட்டுவது. கேரி தீவு செம்பனைத் தீவாகிவிட்டது. அங்கே ஸ்டோரில் போரான் உரம் மட்டும் இன்னும் மூட்டையில் வந்து இறங்குகிறது.